பொருளின் மதிப்பு

அந்தக் கட்டத்துல மட்டும் இப்ப எழுதாதீங்கம்மா. நான் சொல்றதைக் கேட்டுட்டு எழுதுங்க. உங்களுக்கு முன்னாடி இன்னும் ஆறு டோக்கன் இருக்கு. வெளிநாட்டு பாக்கெட்டுன்னா கவுண்டர்ல இருக்கிற அந்தப் பிள்ளை ஒரு ஆளுக்குப் பத்து நிமிஷம் எடுக்கும். அவசரமே இல்லை.

எந்த நாட்டுக்கு? கனடாவா? தம்பி இருக்காரா, நல்லது. எனக்குக் கனடா தெரியாது. ஜெர்மனின்னா கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். ஆனா ஃபாரம் எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதான். உள்ள என்ன இருக்கு, எத்தனை இருக்கு, என்ன எடை, என்ன விலை. அந்த விலைக் கட்டம் இருக்கு பாருங்க, பொருளின் மதிப்புன்னு, அதுலதான் சூதானமா இருக்கணும். உள்ளதை எழுதுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பக்கத்துல அன்பளிப்புன்னு ஒரு சின்னக் கட்டம் இருக்குல்ல, அதுல டிக் அடிங்க. அதைச் சும்மா விட்டுறாதீங்க.

நான் தபால் ஆபீஸ்காரன் இல்லைம்மா. என் பேரு சீனிராஜ். ஜின்னிங் ஃபேக்டரில முப்பத்தோரு வருசம் பஞ்சுப் பொதிக்கு எடை போட்டவன். லாரி லாரியா போகும், ஒரு கிலோ பிசகினதில்லை. அதனால எடை விசயத்துல என்கிட்ட யாரும் பேச முடியாது. ஆனா இங்க பேசினாங்க. ரெண்டு கிலோவுக்குள்ள இருந்தாத்தான் சின்னப் பாக்கெட்டாம். அதுக்கு மேல முப்பது கிராம் ஏறினாலும் பார்சல்னு ஆயிரும், ரேட்டு வேற. முப்பது கிராமுக்கு என்ன வந்துருச்சுன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன்.

எனக்கு ஒரே மக. சங்கரேஸ்வரின்னு பேரு. அவ காலேஜ்ல ரெண்டாம் வருசம் படிக்கயில அவ அம்மா குருவம்மா தவறிட்டா. அதுக்குப் பிறகு நானும் அவளுந்தான். படிச்சு முடிச்சா, வேலைக்குப் போனா, நல்ல இடத்துல கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை பேரு கிருபாகரன். ஜெர்மனில ஒரு கம்பெனில இன்ஜினியர். தங்கமான பையன். அவரைப் பத்தி நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். அவங்க அம்மாதான், கல்யாணத்தன்னைக்கு, பந்தி நடந்துக்கிட்டு இருக்கும்போது, நான் நிக்கிறது தெரிஞ்சே ஒரு வார்த்தை சொன்னாங்க. ஜின்னிங் ஃபேக்டரி சம்பளத்துக்கு இவ்வளவு செஞ்சதே பெருசுன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய. ஆனா இத்தனை வருசம் ஆகியும் எனக்கு அந்தப் பந்தியில என்ன பாயசம்னு கூட ஞாபகம் இருக்கு. சேமியா.

சரி. போன வருசத்துக்கு முந்தின வருசம் கார்த்திகையில மக முழுகாம இருக்கான்னு செய்தி வந்துச்சு, ஆறு மாசம். முதல்ல சொல்லலை. அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்காமப் போயிருந்துச்சு, அதனால ஆறு மாசம் ஆகட்டும்னு இருந்திருக்கா. நான் வேலைக்கு நின்ன இடத்துலயே உக்காந்துட்டேன். அப்ப ஒரு கடையில சாயந்தரம் மட்டும் கணக்கு எழுதிக்கிட்டிருந்தேன். கடைக்காரர் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

ரெண்டு நாள் கழிச்சு அவளே போன்ல கேட்டா. அப்பா, அம்மாவோட பழைய நூல் சேலை ஒண்ணு இருக்கும்ல, ஊதாக் கலர்ல கட்டம் போட்டது, அதை அனுப்ப முடியுமான்னு கேட்டா. பிறந்த பிள்ளையை அதுல போட்டுச் சுத்தணுமாம். அங்க கடையில என்னென்னமோ விக்கிதாம், அம்மா கட்டின சேலை மாதிரி மெத்துன்னு இல்லையாம். வேற ஒண்ணும் வேண்டாம்ப்பா, சேலை மட்டும் போதும்னு ரெண்டு தடவை சொன்னா.

ஒத்தச் சேலையை எப்படிம்மா அனுப்புறது? நீங்களே சொல்லுங்க. அப்பன் வீட்டுல இருந்து பேரப்பிள்ளைக்குப் போற முதல் சீரு. பழைய சேலையை மடிச்சு ஒரு கவர்ல போட்டு அனுப்பினா, அங்க மாப்பிள்ளை பிரிச்சுப் பாத்தா என்ன நினைப்பாரு. அவங்க அம்மாகிட்ட போன்ல சொல்லமாட்டாரா.

பொம்பளை இல்லாத வீடு, எனக்கு என்ன தெரியும். மேலவீட்டு பாக்கியத்தம்மாகிட்டப் போயி என்னென்ன வேணும்னு கேட்டு ஒரு தாள்ல எழுதிக்கிட்டு வந்தேன். வளைகாப்புக்கு ரெண்டு டஜன் கண்ணாடி வளையல். பிள்ளைக்குக் கருப்பு அரைஞாண் கயிறு, கருப்பு வளையல், பாலாடை, நாலு சட்டை, வசம்பு. பிரசவ லேகியம் ஒரு பாட்டில். வளையல் கடையில போயி நின்னா, கை அளவு என்னன்னு கேக்குறான். எனக்கு எம் மக கை அளவு தெரியலைம்மா. வீட்டுக்கு வந்து பீரோவைக் குடைஞ்சு, அவ காலேஜுக்குப் போட்டுட்டுப் போன ஒரு பிளாஸ்டிக் வளையலை எடுத்துக்கிட்டுப் போயிக் காமிச்சேன். கடையில நின்ன பொம்பளைக எல்லாம் என்னையவே பாத்தாங்க. எனக்கு வெக்கமா இருந்துச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு.

அந்தச் சேலையோட எல்லாத்தையும் ஒரு அட்டைப் பெட்டில அடுக்கினேன். வளையலைச் சுத்திப் பஞ்சு வச்சேன். நம்ம தொழில்ல, பஞ்சுக்கா பஞ்சம். ஒரு வளையல் இன்னொரு வளையல்ல படாத மாதிரி ஒண்ணொண்ணா வச்சேன்.

இங்க கொண்டாந்தா, அந்தா உக்காந்திருக்குல்ல, எப்சிபா, அதுதான் அன்னைக்கும் இருந்துச்சு. பெட்டியைத் திறக்கச் சொல்லிச்சு. லேகியத்தை எடுத்து வெளிய வச்சுச்சு, மருந்து போகாதாம். வசம்பை எடுத்துச்சு, வேரு, செடி, விதை எதுவும் அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்களாம். பாக்கியத்தம்மா குடுத்த தேங்காயெண்ணெய் ஒழுகுமாம். சரி போகட்டும்னு விட்டேன். தராசுல வச்சா ரெண்டு கிலோ முப்பது கிராம். நான் சொன்னேன், உங்க தராசு சரியில்லை தாயி, நான் முப்பத்தோரு வருசம் எடை போட்டவன்னு. அது கோவிக்கலை. பார்சல்ல போட்டா கூடச் செலவாகும்யா, நாலு சட்டையில ரெண்டை எடுத்துருங்க, இல்லாட்டி ஒரு டஜன் வளையலை எடுத்துருங்க, சரியாப் போயிரும்னு சொல்லிச்சு.

சீர்வரிசையில போயி ஒரு பொருளைக் குறைக்கிறதா? நான் பஞ்சை எடுத்தேன். முப்பது கிராம் பஞ்சு எவ்வளவு இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதும்மா, ரெண்டு கை கொள்ளாது. அம்புட்டையும் எடுத்துட்டுத்தான் எடை சரிக்கு வந்துச்சு. இப்படிச் சட்டம் போட்டா வளையல் எப்படிம்மா முழுசாப் போகும்? யாரைக் கேக்க?

பிறகு இந்த ஃபாரம். இதே ஃபாரம்தான். விலைன்னு போட்டிருந்துச்சு. உள்ள இருந்ததெல்லாம் சேர்த்தா ரெண்டாயிரத்து அறுநூறு வரும். அந்த லேபிளை எங்க ஒட்டுறாங்க தெரியுமா? பெட்டிக்கு வெளிய. தபால்காரன் குடுக்கும்போது முதல்ல கண்ணுல படுறதே அதுதான். நான் யோசிச்சேன். ஒன்பதாயிரத்து ஐநூறுன்னு எழுதினேன்.

எப்சிபா பாத்துட்டு, ஐயா, அங்க நாப்பத்தஞ்சு யூரோவுக்குள்ள அன்பளிப்பா இருந்தா வரி இல்லாம விட்டுருவாங்க, நம்ம காசுக்கு நாலாயிரம் சொச்சம், நிஜ விலையை எழுதுங்கன்னு சொல்லிச்சு. அன்பளிப்புக் கட்டத்துல டிக் அடிக்கலையேன்னும் கேட்டுச்சு. அன்பளிப்புன்னா கல்யாண வீட்டுல மொய்க்குப் பதிலா ஒரு கடிகாரத்தைக் குடுக்கிறோம் பாருங்க, அதும்மா. இது சீரு. அப்பன் கடமை. கடமையை எப்படி அன்பளிப்புன்னு எழுதுறது? நான் சொன்னேன், எம் மகளுக்கு நான் செய்யறது எம்புட்டுன்னு நீ சொல்லாத தாயின்னு. கொஞ்சம் சத்தமாவே சொல்லிட்டேன். அது ஸ்டாம்பை அடிச்சு வாங்கி வச்சுக்கிச்சு.

அது இன்னும் ரெண்டு தடவை எடுத்துச் சொல்லியிருக்கலாம்ல? சின்னப் பிள்ளைதானே, பெரிய மனுசன் கோவப்பட்டா விட்டுருவாங்களா? ஆபீஸ்னா மக்களுக்கு விளக்கணும்.

பன்னெண்டு நாள்ல பெட்டி ஜெர்மனி போயிருச்சு. நம்பரைப் போட்டா போன்ல காட்டும், நான் ஒரு நாளைக்கு அஞ்சு தடவை பாப்பேன். போன பெட்டி வீட்டுக்குப் போகலை. கஸ்டம்ஸ்லயே நின்னுருச்சு. மகளுக்கு ஒரு லெட்டர் வந்துச்சாம். இந்தப் பொருளுக்கு வரி உண்டு, நீங்க நேர்ல வந்து, பில்லைக் காட்டி, காசைக் கட்டி வாங்கிக்கோங்க, ரெண்டு வாரத்துக்குள்ள வரலைன்னா அனுப்பினவருக்கே திருப்பிருவோம்னு. அந்த ஆபீஸ் வேற ஊர்ல இருக்கு. ரயில்ல ஒரு மணி நேரம், அதுக்கப்புறம் டிராம்.

மாப்பிள்ளை அப்ப ஊர்ல இல்லை. கம்பெனி வேலையா எங்கயோ போயிட்டாரு, திரும்பி வர மூணு வாரம் ஆகும். மக சொன்னா, அப்பா, அது திரும்பி வந்தா வரட்டும்ப்பா, டாக்டர் கொஞ்சம் படுத்தே இருக்கச் சொல்லியிருக்காரு, நீங்க சேலையை மட்டும் மறுபடி தனியா அனுப்புங்கன்னு. லேசாத்தான் சொன்னாம்மா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. அவ அழுத்திச் சொல்லியிருந்தா நான் விட்டிருக்க மாட்டேனா?

ஆனா நான் ஏழாம் மாசத்துல வளைகாப்புக்கு நாள் குறிச்சு வச்சிருந்தேன். பாக்கியத்தம்மாகிட்டச் சொல்லியாச்சு. சம்பந்தியம்மாளுக்கும் போன் போட்டு, பெட்டி போயிருக்கு, வந்ததும் பாருங்கன்னு நானே சொல்லிட்டேன். போன பெட்டி திரும்பி வந்தா நல்லாவா இருக்கும்? சீரு திரும்பி வரலாமாம்மா? நான் தினமும் போன் பண்ணினேன். திட்டலை. திட்டவே இல்லை. இன்னும் எட்டு நாள் இருக்கு தாயி, இன்னும் ஆறு நாள் இருக்கு தாயின்னு எடுத்துச் சொன்னேன், அவ்வளவுதான். கடைசியில ஒரு நாள் கேட்டேன்.

"உங்க அம்மா உயிரோட இருந்து அனுப்பியிருந்தா, போயி வாங்கியிருப்பியா மாட்டியா?"

சரிப்பா, நாளைக்குப் போறேன்னா.

போனா. பனி பெஞ்சுக்கிட்டு இருந்துச்சாம். தனியாத்தான் போனா. அந்த ஆபீஸ்ல முதல்ல உக்கார இடம் இல்லையாம், பிறகு யாரோ எந்திரிச்சுக் குடுத்தாங்களாம். முறை வந்ததும் மேசை மேல வச்சு, அவ கண்ணு முன்னாடியே ஒரு கத்தியால பெட்டியை அறுத்து, ஒவ்வொண்ணா எடுத்துப் பரப்பியிருக்காங்க. கருப்புக் கயிறைத் தூக்கிக் காட்டி இது என்னன்னு கேட்டாங்களாம். பிள்ளை இடுப்புல கட்டுறதுன்னாளாம். எதுக்குன்னு கேட்டாங்களாம். எனக்குச் சொல்லத் தெரியலைப்பான்னு சொல்லிச் சிரிச்சா. பில்லைக் கேட்டாங்க. நான் போன்ல அனுப்பின பில்லு ரெண்டாயிரத்து அறுநூறுக்கு இருக்கு, லேபிள்ல ஒன்பதாயிரத்து ஐநூறு இருக்கு. ஏன் இப்படின்னு கேட்டிருக்காங்க. எங்க அப்பா அப்படித்தான்னு சொல்லியிருக்கா. அவங்களுக்கு அது புரியலை. அதுக்கு ஒரு பேப்பர், இதுக்கு ஒரு பேப்பர்னு மூணு மணி நேரம் ஆயிருச்சு. பிறகு வரியைக் கட்டி, பெட்டியைத் தூக்கிக்கிட்டு, டிராம், ரயில், மாடிப்படி, எல்லாம் ஏறி வீட்டுக்கு வந்து சேந்தா.

சாயந்தரம் போட்டோ அனுப்பினா. ரெண்டு கையிலயும் வளையல். அவளே போட்டுக்கிட்டா, போட்டுவிட யாரும் இல்லைல்ல. மடியில சேலையை வச்சிருந்தா. அம்மா வாசம் அப்படியே இருக்குப்பான்னு எழுதியிருந்தா. ரெண்டு டஜன்ல பதினோரு வளையல் உடைஞ்சு போச்சுன்னு நான் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னா. அந்தப் போட்டோவை நான் சம்பந்தியம்மாளுக்கு அனுப்பினேன். நல்லாருக்குன்னு பதில் போட்டாங்க. எனக்கு அன்னைக்கு அப்படியொரு தூக்கம் வந்துச்சு.

அதுல இருந்து ஒன்பதாம் நாள். கடையில இருந்தேன். மாப்பிள்ளை போன் பண்ணினாரு. அவரு எனக்கு நேரா போன் பண்றவரே இல்லை.

"மாமா, பிள்ளை அசையலை. பாப்பா போயிருச்சு மாமா."

பெண் குழந்தை. உயிர் இல்லைன்னு தெரிஞ்சும் பெத்துத்தான் எடுக்கணுமாம், அதுக்கு ஒன்றரை நாள். பெத்தா. கையில வச்சுக்கக் குடுத்தாங்களாம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் வச்சுக்கோங்கன்னாங்களாம். சங்கரேஸ்வரி வீட்டுல இருந்து அந்தச் சேலையை எடுத்துட்டு வரச் சொல்லி, அதுலயே சுத்தி அனுப்பிட்டா. இதை அவ எங்கிட்டச் சொல்லலைம்மா. மாப்பிள்ளைதான் சொன்னாரு, ரொம்ப நாள் கழிச்சு.

என்னால போக முடியலை. என்கிட்டப் பாஸ்போர்ட்டே கிடையாது. எங்க போகப் போறோம்னு எடுக்காமலே இருந்துட்டேன்.

டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. கொடி சுத்தியிருந்துச்சு, அது யாருக்கும் எப்ப வேணும்னாலும் நடக்கும், அங்க இங்க போனதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு. டாக்டரே சொல்லிட்டாரு. ஜெர்மன் டாக்டர். அவங்க பொய் சொல்ல மாட்டாங்க. நான் இங்கயும் நம்ம ஊரு லேடி டாக்டர்கிட்டக் கேட்டேன். அவங்களும் அப்படியும் இருக்கலாம்னுதான் சொன்னாங்க.

அதனால அதை விடுங்க. நான் சொல்ல வந்தது வளையல் விசயம். பதினோரு வளையல் உடைஞ்சுதுல்ல, அதுக்கு நான் புகார் எழுதிப் போட்டேன். பதினாலு மாசமா நடந்துக்கிட்டு இருக்கேன். காசுக்காக இல்லை, பதினோரு கண்ணாடி வளையல் என்ன பெரிய காசு. நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல. முதல்ல ரசீது கேட்டாங்க, குடுத்தேன். உடைஞ்ச பொருளோட போட்டோ கேட்டாங்க. மககிட்டக் கேட்டேன், அவ தூரப் போட்டுட்டேன்னா. அப்புறம் பதில் வந்துச்சு, உள்ளே பொதிந்தது போதுமானதாக இல்லைன்னு. பொதி கட்டினவனைப் பாத்துச் சொல்றாங்க. நான் திருப்பி எழுதினேன். மேல எழுதினேன். பெரிய ஆபீசுக்கு எழுதினேன். எல்லாத்துக்கும் காப்பி இந்தப் பையில இருக்கு, பாருங்க. எப்சிபாவுக்கு எம் பேரைச் சொன்னாலே ஃபைல் எங்க இருக்குன்னு தெரியும். அது என்னைக்கும் முகம் சுளிச்சதில்லை. ஒரு நாள் எனக்கு டீ வாங்கிக் குடுத்துச்சு. நான் அது மேலதான் புகார் குடுத்திருக்கேன், அதுக்கும் தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை மக பேசினா. வாரா வாரம் பேசுவா. என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா, எல்லாம் கேப்பா. நான் புகார் எந்த மட்டுல இருக்குன்னு சொல்லுவேன். அவ கேட்டுக்கிடுவா. அன்னைக்கும் சொன்னேன். அடுத்து டெல்லிக்கு எழுதப் போறேன், விடமாட்டேன், பதினோரு வளையலுக்கு எனக்கு ஒரு பதில் வேணும்னு சொன்னேன்.

"வளையலுக்காப்பா?"

அவ்வளவுதான் கேட்டா. கோவமா இல்லை. அவ சின்னதுல எங்கிட்டக் கணக்கு கேக்க வருவா பாருங்க, அந்த மாதிரி மெதுவாக் கேட்டா. அவ போனை வைக்கலை. அங்க யாரோ வாசல்ல மணி அடிச்சாங்க, அவ எந்திரிக்கலை. பிறகு அவதான் சொன்னா. டாக்டர் சொன்னாருல்லப்பா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு.

நான் கேக்கவே இல்லைம்மா. இந்தப் பதினாலு மாசத்துல ஒரு தடவை கூட நான் அவகிட்ட அதைக் கேட்டதில்லை. அவளாத்தான் சொல்லுவா. ஒவ்வொரு தடவையும், வைக்கப் போறதுக்கு முன்னாடி, அவளாத்தான் சொல்லுவா. பிள்ளையைப் பறிகுடுத்தவ எனக்கு ஆறுதல் சொல்லி வச்சுட்டுப் போறா. அது எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுச்சு.

அதான் இன்னைக்கு வந்தேன். புகாரை வாபஸ் வாங்கிக்கிடுறேன்னு சொன்னேன். எப்சிபா ஒரு நிமிஷம் என்னையே பாத்துச்சு. அப்புறம், எழுதிக் குடுங்கய்யா, காரணம்னு ஒரு வரி கட்டாயம் இருக்கணும், இல்லாட்டி மேல இருந்து திருப்பி அனுப்பிருவாங்கன்னு சொல்லிச்சு. காலையில ஒன்பதரைக்கு வந்தேம்மா. இந்தாங்க பாருங்க, அனுப்புநர் எழுதிட்டேன், பெறுநர் எழுதிட்டேன், ஐயான்னு போட்டேன். அதுக்கு மேல கை போகலை.

உங்க எழுத்து நல்லா இருக்கு. நான் சொல்றேன், நீங்க எழுதுங்களேன். உங்க டோக்கனுக்கு இன்னும் மூணு பேர் இருக்காங்க.

பாக்கெட்டின் மீது பொருளின் மதிப்பைக் கூட்டி எழுதியது நான். எழுதிட்டீங்களா? ஊழியர் சரியாகவே சொன்னார், நான்தான் கேட்கவில்லை. ம். பெட்டி திரும்பி வந்தால் வரட்டும் என்று என் மகள் சொன்னாள். போய் வாங்கி வா என்று சொன்னது நான்.

நிறுத்தாதீங்கம்மா. அது தபால் ஆபீசுக்குத் தேவையில்லாத விசயந்தான், எனக்கும் தெரியும். இருந்தாலும் எழுதுங்க. நான் கையெழுத்துப் போடுறேன்.